ஆதியாகமமும் ஒரு தேதியும்

வேதாகமத்தைக் காணவில்லை. வாசலில் மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தோணிதாசுக்கு ஒரே சமயத்தில் இரண்டு முகம் தேவைப்பட்டது. வாசல் பக்கம் சிரித்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, எங்கே என்று கண்ணாலேயே மனைவியை அதட்டினார். ஆனந்தமேரி உதட்டைப் பிதுக்கினாள். போன வருஷம் வெள்ளையடித்தபோது பார்த்ததாக அவளுக்கு ஞாபகம்.

விஷயம் சாதாரணமானதல்ல. மகள் செலினாவுக்கு இருபத்தாறு வயது முடிந்துவிட்டது. முதலில் வந்த வரன் பெண் கறுப்பு என்று போனது. அடுத்தது, பெண் ஜாஸ்தி படித்துவிட்டாள் என்று போனது. இது உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். திருக்கோவிலூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் குடும்பம், பையன் ஆல்பின் தபால் ஆபீசில் வேலை. நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காலையும் சாயங்காலமும் குடும்பமாக உட்கார்ந்து வேதம் வாசிக்கிற வீடுதானா?

"அது இல்லாம எங்களுக்கு சோறே எறங்காதுங்க" என்று உபதேசியாரிடம் சொல்லி அனுப்பியிருந்தார் அந்தோணிதாஸ். உண்மையில் அந்த வீட்டில் சோறு தாராளமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. தினம் ஓர் அதிகாரமாவது வாசியுங்கள் என்று உபதேசியார் வருஷக்கணக்கில் பிரசங்கம் செய்ததை, இந்தக் குடும்பம் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பா வியாழக்கிழமை வருவார் என்று தகவல் சொல்லிவிட்டு, உபதேசியார் கல்வராயன் மலைக்கு ஊழியத்துக்குப் போய்விட்டார்.

அது எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் தொடங்கியிருந்தது. கரும்பு மில் ஆபீசில் குமாஸ்தாவான அந்தோணிதாஸ், ஆபீசைப் பூட்டிவிட்டதால் வீட்டில் இருந்தார். இந்த நிலவரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று அசட்டையாக இருந்ததுதான் தப்பு. விருந்தாளி வந்தே விட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முழங்கால் வரை புழுதி.

"திருக்கோவிலூர்லேர்ந்துதானுங்களே?"

"ஆமாங்க, அந்தப் பக்கந்தான். பஸ்ஸு பாதியிலயே நின்னுட்ச்சி. நடந்தே வரேன்."

பெண் பார்க்க இவ்வளவு தூரம் நடந்து வந்த மனிதரை அந்தோணிதாஸ் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வீடு தேடி வந்தவரிடம் பேர் கேட்பது அந்தப் பக்கத்து மரியாதை இல்லை, அதனால் கேட்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, "ஸ்தோத்திரம்ங்க" என்றார். வந்தவர் கொஞ்சம் திகைத்து, அதெல்லாம் எதுக்குங்க, இருக்கட்டும் என்றார். என்ன தாழ்மை என்று அந்தோணிதாஸ் நினைத்துக்கொண்டார்.

"நான் வந்த விசயம் இன்னான்னா..."

"அதெல்லாம் பொறுமையா பேசிக்கலாம்ங்க. எங்க வூட்ல மொதல்ல வேதம். அது முடிஞ்சாதான் மத்த பேச்சு."

சொன்ன பிறகுதான், வேதம் இன்னும் கைக்கு வரவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. நல்ல வேளையாக செலினா டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப் புடவைக்கு அடியில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். பாச்சை உருண்டை வாசனையோடு வேதம் கூடத்துக்கு வந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எந்த இடத்தில் பிரிந்ததோ அந்த இடத்தில் அந்தோணிதாஸ் வாசிக்க ஆரம்பித்தார். அது வம்ச அட்டவணை. இன்னாருக்கு இன்னார் பிறந்தார், அவருக்கு இன்னார் பிறந்தார் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு பேரும் வாயில் நுழையவில்லை. நாக்கு புரண்ட இடத்தில் எல்லாம் இருமி மழுப்பினார்.

விருந்தாளியோ ரேஷன் கடையில் தன் பேருக்குக் காத்திருப்பவர் மாதிரி ஒவ்வொரு பேரையும் உன்னிப்பாகக் கேட்டார். முடிந்ததும் முகம் வாடியது.

"அவ்ளோதாங்களா பேருங்க?"

போதவில்லை என்கிறார். அந்தோணிதாஸ் அடுத்த அதிகாரத்தையும் வாசித்தார். அதிலும் பேர்தான்.

சாப்பாடு ஆனதும் பக்கத்து வீட்டு கந்தசாமி வந்து, ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், கள்ளக்குறிச்சிக்கும் போக முடியாது, சங்கராபுரத்துக்கும் போக முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்தாளி வாசலில் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். மறியல் முடியும்வரை அவர் இங்கேதான். காலையும் வேதம், மாலையும் வேதம். ஆனந்தமேரி அடுப்படியில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பேர்கள் வேண்டாம், கதையாக இருக்கிற இடத்தில் தொடங்கினால் தடுமாற்றம் இருக்காது என்று குடும்பம் ரகசியமாகக் கூடி முடிவெடுத்தது. அதன்படி சாயங்காலம் ஆதியாகமம் முதல் அதிகாரத்திலிருந்து ஆரம்பம். புத்தகம் புதுசு மாதிரி இருப்பதை மறைக்க, ஆனந்தமேரி அதன் ஓரங்களை விரலால் தேய்த்து அழுக்காக்கி வைத்திருந்தாள். பாயசத்துக்கு வெல்லம் தட்டிய கை. படைப்பின் இரண்டாம் நாளில் பக்கத்துக்குள்ளிருந்து எறும்பு சாரி சாரியாகப் புறப்பட்டது. அந்தோணிதாஸ் ஊதி ஊதி வாசித்தார்.

கதையாக வாசித்ததில் வேறொரு கஷ்டம் வந்தது. விருந்தாளிக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. புரிந்ததும் கேள்வி கேட்டார்.

"வூட்டுல ஆத்தா, அப்பன், அண்ணன், தம்பி. தம்பிய அடிச்சுட்டு அண்ணங்காரன் வேற ஊருக்குப் போயி கண்ணாலம் கட்டிக்கினான்னு போட்டுக்கீது. அவனுக்குப் பொண்ணு குடுத்தது யாருங்க?"

அந்தோணிதாசுக்கு வேர்த்தது. வாத்தியார் புத்தி, பரீட்சை வைக்கிறார். மலையிலிருந்து உபதேசியார் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று ஒப்பேற்றினார்.

அன்று முதல் வீடு பள்ளிக்கூடமாயிற்று. கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரியாததால், வாசிக்கப்போகிற அதிகாரங்களை முன்கூட்டியே மூன்று பேரும் படித்தார்கள். புத்தகம் ஒன்று, ஆள் மூன்று. செலினா கிணற்றடியில், ஆனந்தமேரி அடுப்படியில், அந்தோணிதாஸ் மாட்டுக் கொட்டகையில் என்று அது கை மாறியது. யோசேப்பின் அங்கியை ரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் காட்டிய இடத்தில் ஆனந்தமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோழிக்குழம்பு அடி பிடித்தது. அந்தோணிதாஸ் கோபிக்கவில்லை. அவருக்கும் அந்த இடத்தில் அழுகை வந்திருந்தது. சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்ட பேர்கள்தான். அந்தப் பேர்களுக்கு உரியவர்கள் இவ்வளவு பட்டிருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. இத்தனை காலம் இதைப் பெட்டியில் பூட்டி வைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் விருந்தாளி அவரை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார்.

"ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. பூ வைக்கறதுக்குள்ள ஒரு தேதி குடுத்துட்டீங்கன்னா போதும். வயசு ஏறிக்கினே போவுது. இனிமேலு தாங்காதுங்க."

வயசு என்றது சுருக்கென்று தைத்தாலும், அந்தோணிதாசுக்கு மற்றதெல்லாம் தேனாக இனித்தது. பெண்ணுக்குப் பூ வைத்த பிறகுதான் கல்யாணத் தேதி பேசுவது ஊர் வழக்கம். இவர் அதற்கு முன்பே தேதி கேட்கிறார்.

"ஆளுங்க எத்தினி பேரு வந்தாலும் சரிங்க. சோறு என் பொறுப்பு" என்று மேலும் சொன்னார் விருந்தாளி.

அந்தோணிதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேதம் நாலு நாள் வாசித்ததற்கே இவ்வளவு ஆசீர்வாதம் என்றால், தினமும் வாசித்திருந்தால் செலினாவுக்கு எப்போதோ முடிந்திருக்கும் என்று மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டார். செலினாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"மாப்பிள்ள பேர அவரு ஒரு தடவகூட சொல்லலியேப்பா."

"வேதக்காரங்க அப்பிடித்தாம்மா. ஜாஸ்தி பேச மாட்டாங்க."

யோசேப்பின் கதை முடிந்த சாயங்காலம், விருந்தாளி, "ஏசு எப்பங்க வருவாரு?" என்று கேட்டார். இது கடைசிப் பரீட்சை என்று அந்தோணிதாசுக்குப் பட்டது. இரண்டாம் வருகையைப் பற்றி உபதேசியார் சொன்னது நல்ல வேளையாக நினைவிலிருந்தது. அது பரலோகத்தில் உள்ள பிதாவுக்கு மட்டுமே தெரியும், மனுசனுக்குத் தெரியாது என்று பயபக்தியோடு சொன்னார்.

விருந்தாளி பெருமூச்சு விட்டார். "அதுக்கும் தேதி கெடையாதுங்களா?"

எவ்வளவு பெரிய விசுவாசி என்று அந்தோணிதாஸ் நெடுநேரம் வியந்துகொண்டிருந்தார்.

ஒருவழியாக மரங்களை அறுத்துத் தள்ளிவிட்டார்கள். காலையில் கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும், இனி விருந்தாளி கிளம்பிவிடுவார், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று அந்தோணிதாஸ் பரபரத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கதம்பம் வைத்து ஆனந்தமேரி தயாராக நின்றாள். கூடத்தில் பார்த்தால் விருந்தாளி கிளம்புகிற வழியாக இல்லை. குளித்து முடித்து, வேதத்தைத் தாமே எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து கடலு பொளந்த எடத்துல வுட்டோம்ங்க. அந்த சேனை கரையேறிச்சா இல்லியா?"

"வாசிக்கலாம்ங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தேதிய முடிச்சுக்குவோம்" என்று தட்டை நீட்டினார் அந்தோணிதாஸ். "ஜனவரியில வெச்சிக்கலாங்களா?"

விருந்தாளியின் முகம் சுண்டிப்போயிற்று. அவ்வளவு நாள் தாங்காது என்றார். நவம்பர் என்றதற்கும் தலையை ஆட்டினார். சரி, உங்க விருப்பம், நீங்களே சொல்லுங்க என்று அந்தோணிதாஸ் முழுசாக விட்டுக்கொடுத்தார்.

"அப்ப வர்ற திங்கக்கெழமையே வெச்சிடுங்க."

ஆனந்தமேரி விரல் விட்டு எண்ணினாள். புடவை எடுக்க வேண்டும், கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், இன்றைக்கோ வியாழக்கிழமை. செலினா நகத்தைக் கடித்தாள். ஆனால் மறுத்துப் பேசி இந்தச் சம்பந்தத்தையும் கைநழுவ விடும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. திங்கட்கிழமையே ஆகட்டும் என்றார் அந்தோணிதாஸ். விருந்தாளி நிம்மதியாகத் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கடல் பிளந்த இடத்தில் விரலை ஊன்றி, எழுத்துக் கூட்டி, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்டது.

அந்த நேரத்தில் உபதேசியார் உள்ளே வந்தார். பின்னால் கறுப்புக் குடையும் மூக்குக் கண்ணாடியுமாக, உறை போட்ட வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர். கூடத்தில் கண்ட காட்சியில் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் கனிந்தது.

"அந்தோணிதாசு, இவருதான் மாப்பிள்ள ஆல்பினோட அப்பா. போன வாரமே வர வேண்டியவரு, மறியல்ல மாட்டிக்கினாரு. ரோடு தொறந்ததும் வந்துட்டாரு, பஸ் நிக்கிற எடத்துல பாத்துக் கூட்டியாந்தேன்" என்றார் உபதேசியார்.

அந்தோணிதாசுக்குக் கூறைப் புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வந்த பெரியவர் வாத்தியாராக இருந்தவர். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிற பழக்கம். பாயில் உட்கார்ந்து, வாசித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அன்போடு, "ஐயா எந்த சபைங்க?" என்றார்.

விருந்தாளி பக்கம் தவறிவிடாமல் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு மரியாதையாக எழுந்து நின்றார்.

"சபை இல்லீங்க, கரும்பு மில்லு மணலூர்பேட்டை டிவிசன். பேரு பாவாடை. என் கரும்பு பூ வைக்கறதுக்குள்ள வெட்டு ஆர்டருக்கு ஐயாகிட்ட ஒரு தேதி கேக்கலாம்னு வந்தேன். மொதல்ல வேதம் முடியட்டும்னு ஐயா சொன்னாரு, இன்னும் முடியலீங்க."