வள்ளக்கார லியோன் அண்ணை

"அப்பா, இண்டைக்கு மட்டும் நீங்கள் அப்பா இல்லை."

முற்றத்தில் கிழிந்த நண்டு வலையைப் பொத்திக்கொண்டிருந்த லியோன் நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"பின்னை ஆரடா?"

"வள்ளக்காரர். லியோன் அண்ணை. நான் கூலிக்குப் பிடிச்ச ஆள்."

"கூலி தருவியோ?"

றெக்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை நின்று, பாதை திறந்து, கொழும்பிலிருந்து ஆட்கள் ஊர்காவற்றுறைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். அப்படி வந்த ஓர் அமைப்பு கம்பஸில் கடைசி வருடம் படிப்பவர்களின் ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கிறதாம். றெக்ஷனின் பெயரைப் பேராசிரியர் தில்லைநாதன் கொடுத்துவிட்டார். ஏன் தன்னைத் தெரிவு செய்தார் என்று றெக்ஷன் கேட்கவில்லை. வாய்க்கு வந்த கவளத்தை எவனாவது கேள்வி கேட்பானா? அந்தக் காசு வந்தால் ஊர்க்கடலில் சினை நண்டுகளைப் பற்றி ஒழுங்காக ஆராயலாம். வராவிட்டால் நூலகத்தில் குந்தியிருந்து பழையவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதி ஒப்பேற்ற வேண்டியதுதான்.

நேர்முகத்துக்குப் போன இடத்தில்தான் வினை. இந்தப் பக்கம் ஒரு டொக்டரின் மகன், அந்தப் பக்கம் ஓர் எஞ்சினியரின் மகள். "அப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்டதும் றெக்ஷனின் வாய் அவனைக் கேளாமலே, "கப்பலில" என்று சொல்லிவிட்டது. இப்போது அந்த அமைப்பின் பரிமளம் மிஸ் ஆராய்ச்சி நடக்கும் இடத்தைப் பார்க்க நேரே வருகிறா.

விசயத்தைக் கேட்ட லியோன் பொத்திய வலையைச் சுருட்டி வைத்தார். பிறகு, "சரி, ஒரு நாள்தானே" என்றார். ஏசியிருந்தால் றெக்ஷனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் வேடம் கட்டியதும் மனுசன் கரைகாணாமல் ஆடத் தொடங்கிவிட்டார்.

"சேர், இதில இருங்கோ. கவனம் சேர், கால் வழுக்கும்." போன கிழமை 'எருமை' என்று கூப்பிட்ட அதே வாய்.

வள்ளத்தில் பரிமளம் மிஸ் கேட்டா. "தம்பி, உங்கட வீட்டில ஆரும் கடலுக்குப் போறவையோ?"

"ஒருத்தரும் இல்லை மிஸ்."

"சொந்தத்துக்குள்ளையும்?"

"சீச்சீ, இந்த மணமே எங்களுக்கு ஒத்துவராது மிஸ்."

பின்னால் கடலடியில் ஊன்றி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த லியோனின் தடி ஒரு கணம் நின்று, பிறகு போனது. மிஸ்ஸின் முகம் வாடியது. கடல் ஒத்துவரவில்லையாக்கும் என்று றெக்ஷன் நினைத்தான்.

அடுத்த கண்டம், கரைக்கு வந்து வீட்டில் சாப்பிடும்போது வந்தது. அப்பாவை 'லியோன் அண்ணை' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்தான். அல்போன்சம்மா சிலுவை போட்டுக்கொண்டா. "கட்டின மனுசன்ர பேரைச் சொல்லச் சொல்லுறியோ?" கோயிலில் அந்தப் பெயர் வருகிற இடத்தில்கூட இருமிச் சமாளிக்கிற மனுசி அவ.

இலை போட்டாயிற்று. நண்டுக் கறி, கோழிக் கறி. குசினி வாசலில் நின்று அல்போன்சம்மா லியோனைப் பார்த்து வாயைத் திறந்தா, மூடினா, திரும்பவும் திறந்தா.

"இஞ்சாருங்கோ... சாப்பிட வாங்கோ!"

மிஸ்ஸின் கை பாதி வழியில் நின்றது. அவவும் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்தவதான். அந்தச் சொல்லால் ஒரு பெண் யாரைக் கூப்பிடுவாள் என்று தெரியாதா?

"அம்மா எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுறவ மிஸ்" என்றான் றெக்ஷன்.

குசினிக்குள் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அல்போன்சம்மா வெளியே வரவேயில்லை.

லியோனோ பழக்கதோசத்தில் நேரே அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து, காய்ந்த சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து குந்தினார்.

"வள்ளக்காரற்ற உடுப்பு இஞ்சையோ கிடக்கு?"

"அவர் எங்களோட நல்ல வாரப்பாடு மிஸ்."

"அப்பா கடைசியா எப்ப வந்தவர்?"

"மூண்டு வருசம் மிஸ்."

மிஸ் குசினிப் பக்கம் பார்த்தா. அலுமாரியைப் பார்த்தா. இலையை மூடிவிட்டு எழும்பினா. அப்போதுதான் றெக்ஷனுக்கு, பெற்ற தாயை என்ன ஆளாக்கி வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. இவ்வளவு நாளும் வலை மணத்துக்கு வெட்கப்பட்டவன், இப்போது தன்னை நினைத்து வெட்கப்பட்டான். ஆண்டவரைத் தெரியாதென்று மறுதலித்த இராயப்பருக்கு நினைப்பூட்ட ஒரு சேவலாவது கூவியது. இந்த வீட்டுச் சேவல் கறிச்சட்டிக்குள் கிடந்தது.

படலையடியில் மிஸ் சொன்னா. "தம்பி, உம்மட ஆராய்ச்சி நல்லம். ஆனா இந்தக் காசு கடற்றொழில் செய்யிற வீட்டுப் பிள்ளையளுக்கு மட்டும்தான். உம்மட பேராசிரியரும் அப்பிடிச் சொல்லித்தான் உம்மை அனுப்பினவர். நீர் அப்பா கப்பலில எண்டதால, எதுக்கும் நேர பாப்பமெண்டு வந்தனான்."

"மிஸ்!" றெக்ஷன் குறுக்கே பாய்ந்தான். "அவர்தான் என்ர அப்பா!"

"ஆர்?"

"லியோன் அண்ணை. இல்லை, அப்பா! அப்பாதான் அப்பா!"

மிஸ்ஸுக்குக் கோபம் ஏறிவிட்டது. "காசெண்டோடனை வள்ளக்காரர் அப்பாவாகிட்டாரோ?"

"மாதாவாணை மிஸ்..."

"நீர் இனி வாய் திறக்கப்படாது. நான் அவரையே கேக்கிறன்."

லியோன் றோட்டில் நின்று, மிஸ்ஸுக்கென்று கட்டிய நண்டுப் பையை அவ வந்த வான் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். படலையடியில் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இந்தப் பிள்ளை உங்கட மகனோ?"

லியோன் திடுக்கிட்டு மகனைப் பார்த்தார். அவனுடைய கண் நிறைந்திருந்தது. கெஞ்சுகிற முகம். காலையில் முற்றத்தில் நின்றபோதும் அந்த முகம்தான். பாவம் பிள்ளை, பிடிபடப் பார்க்கிறான். இந்த நேரத்தில் தகப்பன் கைவிடலாமா?

தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, வராத சிரிப்பொன்றை வரவழைத்தார்.

"பகிடி விடாதேங்கோ அம்மா. கம்பஸில படிக்கிற பிள்ளைக்கு நான் எப்பிடி அப்பனாக ஏலும்?"