புஷ்பத்தின் அரிசி டிரம்

இந்த வீட்டில் ஆம்பளை நான்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் பண்ணினேன். வாய்விட்டே சொன்னேன். என் பெண்டாட்டி புஷ்பம் அப்போது தண்ணிக்குப் போயிருந்தாள்.

எல்லாம் ஒரு பொட்டியால் வந்தது. கிட்டாரின் ஒயரை அதில் சொருகினால் சத்தத்தைப் பெருசாக்கிக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயர் என்பார்கள். நான் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் எடுபிடி வேலை பார்க்கிற கலாசி. ஞாயிறானால் எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார். படிப்பு அஞ்சாவதோடு சரி. காது மட்டும் கலெக்டர் காது. புதுப் பொட்டி நம்ம கைக்கு எட்டாது. பழசிலேயே நல்ல நாதம் எங்கேயோ ஒளிந்திருக்கும், தேடினால் அகப்படும் என்று ஒரு நம்பிக்கை.

தேடினதில் மூன்று பொட்டி கட்டிலுக்கு அடியில் சேர்ந்துவிட்டன. முதலாவது, தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி கத்தும். இரண்டாவதுக்குத் தீராத சளி. மூன்றாவது நல்ல பொட்டிதான், ஆனால் நடுவில் ரேடியோ பிடிக்கும். போன வருஷத் திருவிழாப் பூசையில், எல்லோரும் கண்ணை மூடி முழங்காலில் இருக்கும்போது, கத்தரிக்காயில் புழு விழுந்தால் என்ன மருந்து அடிக்கணும் என்று விளக்கமாகச் சொன்னது.

அன்றைக்கே புஷ்பம் சட்டம் போட்டுவிட்டாள். நாலாவது பொட்டி உள்ளே வந்தால் ஒன்று அது இருக்கணும், இல்லை அவள் இருக்கணும்.

பாட்டுக் குழு மாஸ்டர் அப்பாதுரையும் சொல்லிவிட்டார். இந்த வருஷமும் கத்தரிக்காய் பேசினால், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஆர்கன்காரரைக் கூட்டி வருவாராம். இருபது வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலி. அதில் இன்னொருத்தன்.

அதனால்தான் தீர்மானம். நேராக மார்க்கெட் சந்துக்குப் போனேன். பழைய ரேடியோ கடை வைத்திருக்கும் மாரி ஒரு மூலையைக் காட்டினான். டிபன் கேரியர் அளவில் ஒரு பொட்டி. முன்பக்கத் துணி கிழிந்திருந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஏதோ இருக்கிற மாதிரி தோன்றியது. முருங்கைக்கீரைக் கட்டுக்கு அடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

எங்கே ஒளிப்பது? புஷ்பம் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த பெரிய எவர்சில்வர் அரிசி டிரம் ஒன்று உண்டு. பொங்கல் முடிந்து அவள் அண்ணன் அரிசி அனுப்புவார். ஆடிக்குள் காலியாகிவிடும். அப்புறம் தை வரைக்கும் யாரும் மூடியைத் திறப்பதில்லை. பொட்டியை உள்ளே இறக்கினேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் செபமாலைக்குப் போவாள், நாலு வீடு தள்ளி. பொட்டியை வெளியே எடுத்தால் மறுபடி ஒளிக்கணுமே என்று டிரம்முக்குள் இருந்தபடியே ஒயரைச் சொருகி வாசித்தேன்.

முதல் புதன் கொஞ்சம் கடகடவென்றது. இரண்டாவது புதன், கடகட போய்விட்டது. ஐயா, அது சத்தமா? சூடான அல்வா வாழையிலையில் வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி. புதுச் செருப்பு காலுக்குப் படிகிற மாதிரி, பொட்டி என் கைக்குப் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மாரியிடம் போய் என் காதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அதுவாண்ணா? தூக்கிப் போடலாம்னு வெச்சிருந்தேன்."

பொறாமை.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மத்தியானம் கோயிலில் ஒத்திகை. பொட்டியைப் பையில் கொண்டு போய், எல்லோரும் பார்க்க, ஒயரைச் சொருகினேன். ஒரு கொசு பாடியது.

அப்பாதுரை கிட்டே வந்து குனிந்து கேட்டார். "இன்னாண்ணா, உள்ள யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?"

கோயிலில் வோல்டேஜ் குறைச்சல் என்றேன். எங்கள் தெருவில் கரண்ட் கெட்டி, அங்கே இது சிங்கம் என்றேன். அவர் ஆர்கன்காரருக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். காலை வரைக்கும் தவணை கேட்டுவிட்டு ஓடி வந்தேன்.

புஷ்பம் வீட்டில் இல்லை. பழைய இடத்திலேயே பொட்டியை இறக்கி, ஒயரைச் சொருகி, கிட்டாரில் ஒரு தட்டு தட்டினேன். அல்வா. "பாத்தியா? வோல்டேஜ்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

சுவர் பதில் சொன்னது. "வோல்டேஜும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

திரும்பினேன். வாசற்படியில் புஷ்பம்.

"பொட்டியா பாடுது? டிரம்மு பாடுதுய்யா. எங்கம்மா குடுத்தது. அதுக்குள்ள தும்முனா கூட ராகமா வரும்."

"உனுக்கு எப்ப தெரியும்?"

"மொத புதனே. செபமாலைல பாதிப் பேருக்குத் தெரியும். கடகடன்னு மானம் போச்சு. அடியில ஒரு கோணி மடிச்சுப் போட்டேன். அப்பால நின்னுச்சா இல்லியா?"

எட்டிப் பார்த்தேன். அடியில் கோணி. கலெக்டர் காது சிவந்துபோனது.

"தெரிஞ்சும் ஏம்மே கம்முனு இருந்தே?"

"நல்லாத்தான் வாசிச்சே" என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்தேன். அவளும் அதைக் கவனித்துவிட்டாள். டிரம்மைத் திருவிழாவுக்குத் தருகிறாளாம். ஆனால் கட்டிலுக்கு அடியில் இருக்கிற மூன்று பொட்டியும் போகணும். மாதா படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணினேன். மனசுக்குள் மட்டும், ஒன்றை மாரி கடையில் பதுக்கலாம் என்று ஒரு ஓரத்தில் கணக்கு.

காலையில் டிரம் ரிக்‌ஷாவில் ஏறியது. கோயிலே அல்வாவில் மிதந்தது. அப்பாதுரை கண்ணைத் துடைத்தார். பொட்டி டிரம்முக்குள் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கண்ணில் பட்டது, டிரம்மில் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்த பெயர்: 'புஷ்பம்'.

எங்கள் கோயிலில் டியூப் லைட்டிலிருந்து ஃபேன் ரெக்கை வரைக்கும் கொடுத்தவர் பெயர் இருக்கும். பூசை முடிவில் ஃபாதர் மைக்கைப் பிடித்தார். இவ்வளவு அருமையான ஒலிப்பெட்டியைக் கோயிலுக்கு உபயமாகத் தந்த புஷ்பம் அம்மாளுக்கு நன்றி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் புஷ்பம் எழுந்து கும்பிட்டுவிட்டாள்.

வருகிற வழியெல்லாம் அவளுக்காக வருத்தப்பட்டுப் பேசினேன். பாவம், தாய்வீட்டு டிரம் போச்சே, அரிசியை எதில் கொட்டுவாய் என்றேன். அவள் நேராகப் பக்கத்து வீட்டு சரசுவிடம் போய், ஒரு புத்தம் புது எவர்சில்வர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள். பழைய சாமானை எடுத்துக்கொண்டு பாத்திரம் தருகிறவர் கொடுத்ததாம்.

கட்டிலில் தொங்கின போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் மூன்று பொட்டியும் இல்லை.

புது டிரம்மிலும் 'புஷ்பம்' என்று வெட்டியிருந்தது. பெயருக்குக் கீழே தேதி: 3-9-91.

நான் சத்தியம் பண்ணினது ஏழாம் தேதி.