இருநூற்று ஐம்பத்தாறாம் அறை

கண்ணுகளா, அரைகுறையாய்த் தெரிந்தவனுக்குத்தான் தைரியம் அதிகம். உங்கப்பன் பத்தாவது வரை படித்தவன். தைரியம் மட்டும் எஞ்சினியர் அளவுக்கு இருந்தது.

அப்போது ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பேன். எல்லாப் பேட்டர்னும் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தது. (இன்னொரு காப்பி எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். உங்கம்மா கேட்டுவிட்டாள்.) ஒருநாள் காலை, டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பேசும் அதன் வெளிக்கூடு செத்துப்போனது. ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே இருந்த டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். காலி டிஸ்க் என்றது திரை.

கட்டிங் மேசையில் துணி விரித்தாயிற்று. பேட்டர்ன் வராவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. மறுநாள் எனக்கு வேலை இல்லை.

"பத்தே நிமிஷமுங்க பாய்," என்றேன் முதலாளி ரஹீம் பாயிடம்.

டிஸ்க் ஒரு குடோன் மாதிரி. வரிசையாய் நம்பர் போட்ட அறைகள். அறைக்கு செக்டர் என்று பேர். நம் சரக்கு 256-ஆம் அறையில் தொடங்குவதாக என் நோட்டில் பழைய குறிப்பு இருந்தது. சரக்கு எந்த அறையில் தொடங்கி எதில் முடிகிறது என்று டிஸ்க்குக்குச் சொல்லும் பார்ட்டிஷன் டூலில் அதே நம்பரைக் கொடுத்தேன். திறக்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். ஏழு தடவை. (கம்ப்யூட்டருக்கு மனசு மாறும் என்று ஒரு நம்பிக்கை.) கடைசியில் அது, ஃபார்மட் பண்ணவா என்று கேட்டது. பண்ணினால் எல்லாம் போச்சு. என் விரல் அந்தப் பட்டன் மேலேயே இருந்தது.

"நம்பர் சரிங்க பாய். டிஸ்க்குதான் பொய் சொல்லுது."

பேக்கிங் சரசக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, போன வாரம் எட்டு பீஸ் பெட்டி லிஸ்ட்டக் கையில வெச்சுட்டு, இருபதாவது பெட்டிக்குப் பதிலா இருபதாவது ஒத்தப் பீஸ் கவர எண்ணிப் பாத்து, சரக்கக் காணம்னு கத்துனீங்களே. அதே கதைங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் டூலின் ஓரத்தைப் பார்த்தேன். செக்டர் அளவு 512 பைட் என்றிருந்தது. நோட்டிலோ, அந்தக் குறிப்புக்குக் கீழேயே, என் கையெழுத்திலேயே, 4096. சரியாக எட்டு மடங்கு. செத்துப்போன கூடு எட்டு அறையை ஒரே அறையாக எண்ணியிருக்கிறது. தொடக்க நம்பரையும் முடிவு நம்பரையும் எட்டால் பெருக்கினேன். 2048-ஆம் அறையில் தொடங்கி, அத்தனை பேட்டர்னும் பத்திரமாக இருந்தது.

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்னீங்க. எம்பது ஆச்சு."

"அவரு நிமிசம் எட்டு பீஸ் பெட்டிங்க பாய்," என்றார் சரசக்கா.

வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. அன்றைக்கே சரசக்கா உங்கம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். அதனால்தான் இப்போதும் நான், "அஞ்சு நிமிஷத்துல வந்தர்றேன் கண்ணு" என்றால், "எந்தப் பெட்டிங்கப்பா?" என்கிறீர்கள். உங்கம்மா கேட்பதுகூட இல்லை. சோற்றை மூடி வைத்துவிடுகிறாள்.