பெல்ட்டுக்குள் கட்டிய காளை

"கழட்டுடா அதை! முதுகெலும்பு ஒடிஞ்சா காளையா வந்து சோறு போடும்?"

"கத்தாதக்கா, காளை மிரளும்!"

ஆம்பூரில், தன்சீல் அகமது பாயின் ஜிம் வாசலில் பூர்ணிமாவும் தம்பி நவநீதனும் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பால் நாளைக்கும் வரும். சண்டை வருமா? ஓடினேன்.

உள்ளே நாற்பது பேர். நடுவில் பலச்சாமி. போன வருடம் வரை குடியாத்தத்தில் லுங்கி விற்ற சாமிநாதன்தான்; இப்போது காளை விற்கிறார். எருது விடும் விழாவில் பரிசடித்து, வயதாகி நிம்மதியாகச் செத்த காளைகளின் தோலில் செய்த பெல்ட்டாம். கட்டினால் காளை பலம் இடுப்பில் ஏறுமாம். மஞ்சள் துணி சுற்றித் தைத்திருக்கும். பிரித்தால் காளை ஓடிவிடும்! விலை, அரை மாதச் சம்பளம்.

ஜிம்மில் "எத்தனை கிலோ?" என்ற பேச்சே போச்சு. "உன் காளை இன்னா காளை?" என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு காளையின் பேர். ஜிம்மிலேயே பலசாலியான கார்முகிலன் 'மின்னலை'க் கட்டி நூற்றுப்பத்து கிலோ தூக்கினான். நவநீதனும் ஒன்று வாங்கிக் கட்டினான்; எழுபதில் நின்றான்.

"காளை பட்டினி கெடக்குது" என்றார் சாமி.

அன்றிலிருந்து நவநீதன் பெல்ட்டைக் கட்டில் காலில் கட்டி வைக்கோல் போட்டான். தவிட்டுத் தண்ணியும் வைத்தான். பெல்ட் குடிக்கவில்லை.

"உன் காளை பலம் கம்மி. 'புயலை' வாங்கு" என்றார் சாமி.

வாங்கினான். இன்று நூற்றிருபது தூக்கிக் கார்முகிலனை ஜெயிப்பதாகச் சபதம். இடுப்போ ஒரு வாரமாகப் பிடித்துக் கிடக்கிறது.

"அவன் நாலு வருசமா தூக்குறான், நீ நாலு மாசமா. இதுல காளைக்கு இன்னாடா வேலை?" என்றாள் பூர்ணிமா.

"பொம்பள கை படக்கூடாதும்மா. காளை ஓடிடும்" என்றார் சாமி.

"ஓடட்டும். எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கலாம்."

ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் பார்ப்பவள் அவள். பெல்ட்டை உருவினாள், துணியைக் கிழித்தாள், ஒரு துண்டு நறுக்கித் தீக்குச்சியைக் காட்டினாள். தோலென்றால் முடி கருகும் நாற்றம் வரும். இது உருகிச் சொட்டியது. பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம்.

"ரெக்சின்!" என்றார்கள் நாற்பது பேரும். பின்னே? எல்லாரும் தோல் கம்பெனி ஆட்கள்.

"காளை கோவத்துல உருகுதும்மா!"

"அப்ப நீயே கட்டிக்க சாமி. நூத்திருபது அங்க கெடக்குது. தூக்கு."

சாமி கம்பியைத் தொட்டார். முக்கினார். கழிப்பறை எங்கே என்று கேட்டார். காளை ஓடியதோ இல்லையோ, சாமி பின்வாசல் வழியே ஓடினார்.

அது நடந்து பல மாதம் ஆச்சு. சாமி இப்போது ஓசூர் பக்கம் குடியேறி, ஓட்டப் பயிற்சி எடுப்பவர்களுக்குக் குதிரைபலச் சாக்ஸ் விற்கிறாராம். நல்ல கூட்டமாம். நவநீதன் ஐம்பதுக்கு இறங்கி, மெல்ல எண்பதுக்கு ஏறியிருக்கிறான். போட்டி, போன மாத நவநீதனோடு மட்டும். பூர்ணிமாவைக் கட்டிக்கொண்டவன் கார்முகிலன். கல்யாணத்தில் மாமனார் வீட்டில் கொடுத்த புதுச் செருப்பை மாப்பிள்ளை தோல்தானா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காலில் போட்டான்.

ஊரான் செருப்புக்காக நாள் முழுக்கத் தோலைத் திருப்பிப் பார்க்கிற ஊரே, உன் இடுப்பில் கட்டுவதையும் ஒருமுறை திருப்பிப் பாரேன்!