கேப்டன் பொன்னுத்தங்கத்துக்கு நாலு வாசல்

கேப்டன் பொன்னுத்தங்கம் செத்துப்போன செய்தி, காலை டீ வருவதற்குச் சற்று முன்புதான் கற்பகவல்லிக்குத் தெரிந்தது. கையில் சிவப்புப் பேனாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மேஜைக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த விக்னேஷ்குமார் திரும்பிப் பார்த்தபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஊர்ல யாரும் தவறிட்டாகளா?"

"பொன்னுத்தங்கம் போயிட்டாடா."

"எந்தப் பொன்னுத்தங்கம்? ஆமத்தூரா?"

"சனி கிரகம்."

சிவகாசியில் அந்த அச்சகத்தில் கற்பகவல்லிக்குப் பிழை திருத்தும் வேலை. காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். எத்தனை எழுத்தைப் படித்தாலும் அவள் விரும்பிப் படித்தது ஒன்றே ஒன்றுதான். மதுரைக்காரரான எழுத்தாளர் ராஜபாண்டியன் எழுதிய 'சனிவளையப் பாதை' என்னும் விஞ்ஞான நாவல் வரிசை. இதுவரை ஆறு பாகம் வந்திருக்கிறது. சனி கிரகத்தின் நிலாக்களுக்கிடையே லோடு அடிக்கும் 'கரிச்சான்' என்ற சரக்குக் கப்பலும், மூட்டு வலியோடு அதை ஓட்டும் கேப்டன் பொன்னுத்தங்கமும்தான் கதை. மூன்றாம் பாகத்தைச் சாயங்கால பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தவள், ஆமத்தூரில் இறங்க மறந்து விருதுநகர் வரை போய்த் திரும்பினாள். அதில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அந்த மனிதரின் மூளையை நினைத்து அவள் வியக்காத நாளில்லை. ஈர்ப்பு விசையைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதுவார். கேப்டன் தப்பவே முடியாது என்ற இடத்துக்குக் கதையைக் கொண்டுபோய் நிறுத்துவார். கடைசிப் பக்கத்தில், யாருமே எதிர்பாராத ஒரு வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து அவளைக் காப்பாற்றிவிடுவார். இரண்டாம் பாகத்தில் கப்பலில் ஓட்டை விழுந்தபோது சேலைக் கிழிசலில் புளி உருண்டையை வைத்து அடைத்தாள். நான்காம் பாகத்தில் விஷக் காற்றில் மயங்கப்போனவளை மடியில் முடிந்திருந்த சுக்குத்துண்டு பிழைக்க வைத்தது. இத்தனை விஞ்ஞானம் தெரிந்தவருக்குச் சுக்கும் புளியும் எப்படித் தோன்றுகிறது என்று கற்பகவல்லி மாய்ந்து மாய்ந்து பேசுவாள்.

விக்னேஷ்குமார் அந்தப் புத்தகங்களைத் தொட்டதில்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அந்தக் கதையை வீடியோ கேமாகச் செய்திருந்தது. அதை மட்டும் செல்போனில் ஆடுவான். இப்போது அதே கதை பலகை விளையாட்டாகவும் வரப்போகிறது. நடுவில் விரிக்க ஒரு அட்டை, காய்கள், பகடை, ஒரு கட்டு விதிச் சீட்டு. ஏழாம் பாகமும் விளையாட்டும் ஒரே நாளில் வெளியாவதாக ஏற்பாடு. காலண்டர் சீசன் முடிந்து மிஷின் சும்மா கிடந்ததால் முதலாளி அய்யாதுரை அந்த ஆர்டரைப் பிடித்துப் போட்டார். அவருக்கு அது 'தாயக்கட்டை ஆர்டர்'.

ஏழாம் பாகத்துக்காக மூன்று வருஷமாகக் காத்திருந்தவளுக்கு, ஏழாம் பாகத்தின் முடிவு இப்படியா தெரியவேண்டும்? காலையில் திருத்த வந்த விதிச் சீட்டு ஒன்றில் இரண்டே வரி. எரிபொருள் அறையில் தீப்பொறி. அறைக்கு ஒரே வாசல், அதுவும் பூட்டியிருக்கிறது. கேப்டன் பொன்னுத்தங்கம் உயிர் துறக்கிறார்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது.

"ஒத்த வாசலாம். நம்ம பக்கம் பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் வைக்காக. அம்புட்டும் வெளிய பாத்துத் தெறக்கும். அம்புட்டு எரிபொருள் ஏத்துன கப்பலுக்கு எவனாச்சும் ஒத்த வாசல் வைப்பானா?"

"அப்ப நாலு வாசல் வச்சுருவமா?" என்றான் விக்னேஷ்குமார். அவன் விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

கற்பகவல்லி சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதலாளி ஏற்கெனவே அவளுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார். போன தை மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் இருந்த கவிதை தாங்க முடியாமல் அவள் இரண்டு வரியை மாற்றிவிட, எழுதியவர் பெண்ணின் அப்பா என்று பிறகுதான் தெரிந்தது. இனி எழுத்துப்பிழை தவிர வேறு எதையாவது தொட்டால் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். பொன்னுத்தங்கத்தின் மூட்டு வலி ஞாபகத்துக்கு வந்தது.

திருத்திய சீட்டு இப்படி இருந்தது: அறைக்கு நாலு வாசல். நாலும் வெளிப்பக்கம் திறக்கும். கேப்டன் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுகிறார்.

"சனி கிரகத்துல கெழக்கு எதுக்கா?"

"கேப்டனுக்குத் தெரியும். நீ அடி."

ஒரு சீட்டோடு முடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த சீட்டைப் புரட்டினால், 'கேப்டனின் இறுதிச் சடங்கு. எல்லோரும் ஒரு ஆட்டம் ஆடாமல் மௌனமாக இருக்கவும்' என்றிருந்தது. உயிரோடு இருப்பவளுக்கு எப்படிச் சடங்கு செய்வது? அதைக் கேப்டன் கொடுக்கும் விருந்தாக மாற்றி, ஒரு ஆட்டம் ஆடாமல் எல்லோரும் சாப்பிடவும் என்று எழுதினாள்.

அதற்கடுத்த சீட்டில் துணைக் கேப்டன் பதவியேற்றான். இப்போது ஒரு கப்பலுக்கு இரண்டு கேப்டன். கொஞ்ச நேரம் யோசித்து அவனுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்து, டைட்டன் என்ற நிலாவுக்கு லீவில் அனுப்பினாள். அவன் போனதும் அவன் வரவேண்டிய மூன்று சீட்டுகள் அநாதையாக நின்றன. அதில் ஒன்றில் அவன் கொள்ளைக்காரர்களோடு சண்டை போடவேண்டும். மாப்பிள்ளையை எப்படிச் சண்டைக்கு அனுப்புவது? கொள்ளைக்காரர்களையே பெண் வீட்டாராக்கினாள்.

"அக்கா, வீடியோ கேமை விட இது நல்லாருக்கு" என்று விக்னேஷ்குமார் மனசாரச் சொன்னான். அவள் முதலாளி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் மாதிரிப் பெட்டி தயாரானது. சீட்டு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க யாராவது ஆடித்தான் ஆகவேண்டும். பெட்டி ஒட்டும் பகுதிக்குப் பொறுப்பான ராக்காயி, சாப்பிட்ட கையோடு மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு விஞ்ஞானமும் தெரியாது, நாவலும் தெரியாது. இரண்டு சுற்று முடிவதற்குள் சனி வளையத்தில் பாதி அவள் கையில் இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. ஆட்டம் முடியவில்லை. சாயங்கால டீ வந்து ஆறியது. பசை காய்ந்தது. பெட்டி ஒட்டும் பகுதியில் ஆளே இல்லை என்று அய்யாதுரை தேடிக்கொண்டு வந்தார்.

கற்பகவல்லி சிவப்புப் பேனாவை முந்தானைக்குள் மறைத்தாள். ஆனால் அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்த நேரத்தில், ஒரு பெண் டைட்டனில் ஒரு லோடு பனிக்கட்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கப் போனாள். நாற்பது வருஷமாக வியாபாரம் செய்கிறவருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா, போற வாடகைக்குக் கூடக் கட்டாதே. இங்கன குடு" என்று சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பி வரும் கப்பல் காலியாக வரக்கூடாது என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வளையத்தைச் சுற்றிப் போகாமல் குறுக்கே போனால் எரிபொருள் மிச்சம் என்று அவரே கண்டுபிடித்தார். நாவலின் முதல் பாகத்தில் பொன்னுத்தங்கம் கண்டுபிடித்ததும் அதே வழிதான். ஆறு பாகத்தை இத்தனை சின்ன அட்டைக்குள் மடக்கியவர்களைக் கற்பகவல்லி மனதாரக் கும்பிட்டாள். ஆளுக்கு ஒரு காய் கொடுத்து, படிக்காதவர்களையும் அந்தக் கதைக்குள் இழுத்து உட்காரவைத்துவிட்டார்களே. நல்ல காரியத்தின் நடுவில் நாம்தான் கை வைத்துவிட்டோம் என்றும் தோன்றியது.

வாசலில் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஹாரன் அடித்தது.

"இது எப்பத்தான் முடியும்?" என்றார் அய்யாதுரை, பகடையைக் குலுக்கிக்கொண்டே.

விதிப் புத்தகத்தைப் புரட்டிய விக்னேஷ்குமாரின் முகம் வெளுத்தது. அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"கேப்டன் செத்து, துணைக் கேப்டன் கொள்ளைக்காரங்கள ஜெயிச்சாத்தான் முடியும்னு போட்ருக்கு அண்ணாச்சி. அக்கா சாக விடல. அதான் முடிய மாட்டேங்கு."

பகடை அவர் கையிலேயே நின்றது. கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது: நாலு வாசல், விருந்து, கல்யாணம், பெண் வீட்டார். அய்யாதுரை கத்துகிற ஆளில்லை. கத்தாமல் பேசினால்தான் பயப்படவேண்டும்.

"பழசையே மறுபடி போட்டுட்டு வீட்டுக்குப் போம்மா. நாளைக்கு அந்த எழுத்தாளர் மாதிரியப் பாக்க வாராரு, நான் பாத்துக்கிடுதேன். நீ வரவேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். வேலை போனது கூடப் பிறகுதான் உறைத்தது. முதலில் உறைத்தது, பொன்னுத்தங்கம் இன்னொரு தடவை சாகப்போகிறாள் என்பதுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சாத்தூரில் ஒரு விசேஷத்துக்கு வந்த ராஜபாண்டியன், போகிற வழிதானே என்று ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். மெலிந்த மனிதர். தூக்கம் இல்லாத கண். அவருடைய டிரைவர் உக்கிரபாண்டி காரைத் துடைக்க ஆரம்பித்தார். எழுத்தாளர் நேராக உள்ளே வந்து, விரித்துக் கிடந்த ஆட்டத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

அய்யாதுரை எத்தனையோ சொல்லிப் பார்த்தார். இது வேறு மாதிரி, சரியான மாதிரி நாளைக்கு வரும் என்றார். எழுத்தாளர் காதில் வாங்காமல் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். நாலு வாசல் சீட்டு வந்ததும் கை நின்றது. அதைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். விருந்தைப் படித்தார், கல்யாணத்தைப் படித்தார். பெண் வீட்டாரைப் படித்தபோது மட்டும் மீசை லேசாக அசைந்தது.

"யாரு பண்ணுனது?"

கற்பகவல்லி முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். ஒங்க ஆறு பாகத்தையும் படிச்சிருக்கேன். ஒத்த வாசல் ரூமுக்குள்ள கேப்டன் போகவே மாட்டாக சார். அவுகள எனக்குத் தெரியும்."

அவர் சீட்டுக் கட்டைச் சேர்த்து வைத்தார்.

"ஆட்டம் எப்படி முடியும்?"

அதைத்தான் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. முடிவே இல்லாத ஆட்டம் இது என்று ஒப்புக்கொள்ள வாயெடுக்குமுன், அய்யாதுரைக்கு வாய் முந்திக்கொண்டது. "கடைசி லோடை எறக்கிட்டுக் கப்பல் ஊருக்குத் திரும்புனா முடிஞ்சிரும் சார். எவன் மொதல்ல திரும்புறானோ அவன் ஜெயிச்சான். லோடு அடிக்கிறவனுக்கு வேற என்ன முடிவு?" சொன்ன பிறகுதான் தான் யார் பக்கம் பேசினோம் என்பது அவருக்கே தெரிந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராஜபாண்டியன் பேனாவை எடுத்தார். ஒரு பெருமூச்சு விட்டார். மாதிரியின் மேல் கையெழுத்துப் போட்டு, "இப்படியே அச்சடிங்க. புத்தகத்தை நான் மாத்திக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அய்யாதுரை கையெழுத்தைப் பார்த்தார், கற்பகவல்லியைப் பார்த்தார். அவளை நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு ராக்காயியை மறுபடி ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்.

கற்பகவல்லிக்குச் சந்தோஷம் வரவில்லை. மாதிரிப் பெட்டியைக் காரில் வைக்க எடுத்துக்கொண்டு போகும்போது கண்ணீர் பெட்டி மேல் சொட்டியது. கேப்டனைக் காப்பாற்றியாயிற்று, வேலையும் தங்கிற்று. ஆனால் தான் கும்பிடுகிற ஒரு பெரிய எழுத்தாளரின் முடிவைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அறுத்தது. சுக்கும் புளியும் யோசித்த மனிதர், இந்த முறை வேண்டுமென்றேதானே கொன்றிருப்பார்?

"அவரு கதையில போயி நான் கை வச்சுட்டேனே அண்ணே" என்றாள்.

டிரைவர் உக்கிரபாண்டி பெட்டியை வாங்கிப் பின் சீட்டில் பத்திரமாக வைத்தார். "அளுவாதீக தாயி. ஆறு பாகத்துலயும் அவரு அந்தம்மாவக் கொன்னுதான் குடுத்தாரு. ஒவ்வொரு தடவையும் அச்சடிக்கிற எடத்துல ஒங்கள மாதிரி யாராச்சும் ஒருத்தர் புளியோ சுக்கோ வச்சுக் காப்பாத்திருதாக. அவரும் கையெளுத்தப் போட்டுட்டு அடுத்த பாகம் எளுதப் போயிருதாரு."