பபுள் மாமா விட்டுவைத்த காற்று

கடலூரில் காற்றோடு சொந்தப் பகை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு பகையை வளர்ப்பது புத்திசாலித்தனமல்ல. ஆனால் பபுள் மாமாவை யாரும் புத்திசாலி என்று சொன்னதுமில்லை.

வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் தொழில். ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டால் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். தொழிலில் அதற்குப் பபுள் என்று பேர். அடுத்த கடையில் ஒட்டிய வண்டியாக இருந்தாலும், ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஓடிப்போய் அந்தக் கொப்புளத்தைத் தேய்த்துவிட்டு வருவார். அதனால் அந்தப் பேரே அவருக்கு நிலைத்துவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊர் அவரை மாமா என்றது, அவர் ஊரையே மச்சான் என்றார். ஒருமுறை பங்குச் சாமியாரையும் மச்சான் என்று கூப்பிட்டுவிட்டு அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் சாப்பிடும் ஓட்டலில் பூரி பந்து மாதிரி உப்பிக்கொண்டு வரும். மாமா சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும், ஸ்டிக்கரைத் தேய்க்கிற தகடு. அதை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு, பூரியின் நடுவில் வைத்து ஓரத்துக்குத் தள்ளுவார். காற்று புஸ்ஸென்று போகும். பிறகு திருப்பிப்போட்டு இன்னொரு தள்ளு.

"மாமா, அத உப்ப வைக்க மாஸ்டர் உசுரக் குடுத்துருக்காரு!" என்று சப்ளையர் கத்துவான்.

"உப்பியிருந்தா ஒட்டுனவன் சரியில்லன்னு அர்த்தம் மச்சான். இன்னும் ரெண்டு கொண்டா."

சுவரொட்டிகளையும் விடமாட்டார். கட்சி பேதமே கிடையாது. முக்கியமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். செத்தவர் கன்னத்தில் ஒரு கொப்புளம் தெரிந்தால் சைக்கிளை நிறுத்திவிடுவார். "கடசியா ஊருக்கு மூஞ்சி காட்டுறான். கன்னத்துல கட்டியோடவா அனுப்பறது?" என்று தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை அந்த வீட்டுக்காரர்கள், இவர் நெருங்கிய சிநேகிதர் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார்கள்.

தன் மகளுக்கு ஒட்டிய போஸ்டரையும் அப்படித்தான் தேய்த்தாராம், சந்து முழுக்க, ஒவ்வொன்றாக. அவர் வேலை பார்த்த கடைக்கு நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது அது. ஜெனி என்று பெயர். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். மூளைக் காய்ச்சல்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கிள்ளையில் இறால் பண்ணை, பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைப்பு, சிதம்பரத்தில் லாட்ஜ் என்று சுற்றிவிட்டு 2008 வாக்கில் அந்த ஸ்டிக்கர் கடையில் வந்து விழுந்தேன். படுக்க இடம் தந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எனக்கு அப்போது முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கும் ஒரு வருசத்துக்கு மேல் தங்கியதில்லை. அங்கே தங்கினேன் என்றால் அதற்கு மாமாதான் காரணம்.

மாமாவிடம் ஒரு பழைய சிவப்பு மாருதி இருந்தது. அதன் முன்பக்க இடது கதவில், கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, ஆணியால் கீறிய ஒரு படம். பெரிய வட்டத்தில் ஒரு தலை, அதில் மீசை, தலையிலிருந்து நேராகக் கிளம்பும் இரண்டு கை. உடம்பு கிடையாது. ஜெனி வரைந்த அப்பா அது. மாமா அதைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. கஷ்டப்பட்டு வாங்கிய காரைக் கீறிவிட்டாளே என்று இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த வாரக் கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

அடியால் காய்ச்சல் வராது என்று டாக்டர், சாமியார், தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அக்கா நம்பவில்லை. சிதம்பரத்தில் தங்கை வீட்டோடு போய் இருந்துவிட்டார். "பெயிண்டு அடிங்க, இல்ல வித்துடுங்க. அந்தக் கதவத் தொறந்து என்னால உள்ள ஏற முடியாது" என்பது அவர் கடைசியாகச் சொன்னது. மாமாவால் இரண்டையும் செய்ய முடியவில்லை. அந்தப் படத்தில் அவர் மகளுடைய கை இருந்தது. அக்காவுக்கு அதே படத்தில் தன்னுடைய கை தெரிந்தது.

ஒவ்வொரு வருசமும் கல்லறைத் திருநாள் அன்று அக்காவை அழைத்துவர மாமா காரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போவார். அக்கா பூவும் மெழுகுவர்த்தியுமாக வெளியே வருவார், காரைப் பார்க்காமல் நடந்துபோய்க் கடலூர் பஸ்ஸில் ஏறுவார். மாமா அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வருவார். பஸ் நின்றால் நிற்பார், கிளம்பினால் கிளம்புவார். ஒரு வருசம் நானும் கூட இருந்தேன். புதுச்சத்திரத்தில் ஒரு மீன்காரம்மா ஷேர் ஆட்டோ என்று நினைத்துப் பின் கதவைத் திறந்து கூடையோடு உட்கார்ந்துவிட்டார். மாமா அவரையும் ஏற்றிக்கொண்டே பஸ்ஸைத் தொடர்ந்தார். ஆலப்பாக்கத்தில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"யோவ் மாமா! உள்ள சீட்டு காலியாத்தான்யா கெடக்கு. வண்டிய ஓரங்கட்டிட்டு ஏறிக்கயேன்!"

"நீ உன் வேலயப் பாரு மச்சான். உள்ள என் பொண்டாட்டி இருக்கா, பள்ளத்துல எறக்காம ஓட்டச் சொல்லு."

பஸ்ஸே சிரித்தது. சன்னல் ஓரத்தில் இருந்த அக்கா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனி கல்லறையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டார்கள். திரும்பும்போதும் அப்படித்தான், பஸ்ஸும் பின்னால் காரும்.

அடுத்த வருசம் கார்பன் ஷீட்டு வந்தது. கடை முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு ரோல் கொண்டுவந்தார். கறுப்பாக, கோரைப்பாய் பின்னல் மாதிரி மேடு பள்ளத்தோடு இருக்கும். ரேஸ் கார்களை நிஜமான கார்பன் நாரில் செய்வார்களாம், இது அதுபோல் தெரிகிற ஸ்டிக்கர். பானெட்டில் ஒட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டி இழுத்தால் வளைவெல்லாம் படிந்துவிடும். ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் டிராக்டரைக் கொண்டுவந்து அதற்கு ஒட்டச் சொன்னார். நெல்லிக்குப்பத்துக் கல்யாண மாப்பிள்ளை ஒருவர், தாட்டியான ஆள், சந்தேகம் கேட்டார்.

"இது ஒட்டுனா வண்டி லேசாயிடுமா மாமா?"

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ எறங்குனா லேசாயிடும் மச்சான்."

ஆனால் ஒரு விசயத்தில் மாமா பிடிவாதம். கீறல் உள்ள இடத்தில் ஷீட்டு ஒட்டமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு பானெட்டின்மேல் விரலை ஓட்டுவார், எங்காவது நின்றால் போச்சு. "கீறல் இருக்கு. பட்டி வெச்சி தேச்சி எடுத்துட்டு வா. அதுமேல ஒட்டுனா ஷீட்டு காட்டிக் குடுத்துடும்." பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. வந்தவர் கோபமாகப் போவார். முதலாளி தலையில் கைவைத்து உட்காருவார். "யோவ், கடைய நான் வெச்சிருக்கனா, நீ வெச்சிருக்கியா?"

2011 மழைக்காலத்துக்கு முன்னால் ஒருவர் காரை விற்கப்போவதால் ஷீட்டை எடுத்துவிடச் சொன்னார். மாமா சூடு காட்டிக்கொண்டே ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. ஷீட்டுக்கு அடியில் மட்டும் பெயிண்ட் ஷோரூமிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. அதன் நடுவில் பழைய பொட்டு ஒன்று, புது வண்டிக்குப் பூசை போட்டபோது வைத்த சந்தனத்தின் கறை.

மாமா ஹீட் கன்னை அணைத்தார். "உள்ள அப்படியே இருக்குடா" என்றார். மத்தியானம் பூரியைக்கூட அமுக்காமல் தின்றார். சப்ளையர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு, கடை லீவு. மாமா சிவப்பு மாருதியை நிழலில் நிறுத்திக் கதவைக் கழுவினார். "பட்டி வெக்க மாட்டேன். வெச்சா அவ போயிடுவா" என்றார். ஷீட்டின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறு முனையிலிருந்து அவர் தகட்டால் தள்ளிக்கொண்டு வந்தார். எப்படி ஒட்டுவாரோ அப்படித்தான் ஒட்டினார், ஒரு பொட்டுக் காற்று இல்லாமல். தள்ளி நின்று பார்த்தோம். கறுப்பு ஷீட்டில் வட்டத் தலையும் மீசையும் இரண்டு கையும் முன்னைவிடத் தெளிவாக எழுந்து நின்றன. அவ்வளவு நன்றாக அமுக்கியிருந்தார்.

உரித்தார். இரண்டாவது ஷீட்டு. சூட்டைக் குறைத்துப் பார்த்தார். விரல் பழக்கம் விடவில்லை, கீறல் வந்த இடத்தில் தகடு தானாகவே அழுத்தியது. மறுபடியும் அப்பா வந்து நின்றார்.

"மாமா, அங்க மட்டும் அமுக்காம விட்டுடேன்" என்றேன்.

"விட்டா காத்து நிக்கும்டா."

"நிக்கட்டுமே."

என்னைப் பார்த்தார். நான் ஏதோ திருடச் சொன்னது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு தகட்டைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மூன்றாவது ஷீட்டை உள்ளங்கையால் மட்டும் தடவிக்கொண்டு வந்தார். படத்தின் ஓரம் வந்ததும் கையை லேசாக்கினார். தூங்குகிற பிள்ளைமேல் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி, தொட்டும் தொடாமலும் அதைக் கடந்தார். சுற்றிலும் இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெயில் சாய்வாகப் பட்டால் மட்டும் ஓரிடம் லேசாக உப்பியிருந்தது. அவர் தொழிலில் தெரிந்தே விட்ட ஒரே பபுள்.

"எவன் பாத்தாலும் என்னக் காறித் துப்புவான்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அந்தக் கல்லறைத் திருநாளுக்கும் நான் கூடப் போனேன். அக்கா பூக்கூடையோடு வெளியே வந்தார். வழக்கம்போல் நடக்கத் தொடங்கியவர் நின்றார். கதவைப் பார்த்தார்.

"பட்டி வெச்சி தேச்சிட்டீங்களா?"

"ஒட்டியாச்சு" என்றார் மாமா. அது பதிலில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா பூக்கூடையை மறு கைக்கு மாற்றினார். பிறகு அந்தக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மாமா வண்டியைக் கிளப்ப மறந்துபோனார். நான் பின்னாலிருந்து தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

முட்லூர் தாண்டினோம். புழுக்கமாக இருக்கிறது என்று அக்கா கண்ணாடியை இறக்கி இடது கையை வெளியே தொங்கவிட்டார். ஆலப்பாக்கம் வரும்போது அந்தக் கை கதவின்மேல் நின்றுவிட்டதைப் பின் சீட்டிலிருந்து பார்த்தேன். விரல் ஒன்று ஷீட்டை லேசாக அழுத்தி, வட்டமாக ஒரு சுற்று வந்தது. பிறகு மீசை இருக்கும் இடத்தில் நின்றது.

"இங்க காத்து நிக்குது" என்றார் அக்கா.

"தெரியும் ஸ்டெல்லா. இருக்கட்டும்."

எங்களுக்கு முன்னால் போன பஸ் நின்று ஆள் ஏற்றியது. மாமா பழக்கதோசத்தில் அதற்குப் பின்னாலேயே காரை நிறுத்தினார். "ஏன் நிக்கிறீங்க? தாண்டிப் போங்க" என்றார் அக்கா. அத்தனை வருசத்தில் முதல்முறையாக அந்தப் பஸ்ஸைத் தாண்டினோம். கடலூர் வரும்வரை அக்கா கையை உள்ளே எடுக்கவில்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் அக்கா சிதம்பரத்துக்கே திரும்பிவிட்டார். ஆனால் காரில் போனார். அந்த டிசம்பர் கடைசியில் வந்த புயலில் கடையின் கூரை பறந்தது. காற்று பழைய பகையைத் தீர்த்துக்கொண்டது என்று முதலாளியே சொன்னார். புயல் அடிக்கும்போது மாமா காரின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். "வெளிய எவ்ளோ வேணா அடிச்சிக்க, உள்ள இருக்கறது என்னுது" என்று காற்றைப் பார்த்துக் கத்தியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கடை திரும்ப எழவில்லை. நான் திருப்பூருக்கு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்.

இப்போதும் எங்கே பூரி சாப்பிட்டாலும், நடுவில் விரலை வைத்து ஓரத்துக்கு ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் பிய்க்கிறேன். ஓரத்தில் கொஞ்சம் காற்றை மட்டும் மாமாவுக்காக விட்டுவைக்கிறேன்.