வீட்டு மௌனத்தைக் கேட்ட வெங்கிடேஷ்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அன்றைக்குச் சரக்கு வண்டி நுழைய வழியில்லை. ஒரே ஒரு மனிதரைப் பார்க்க அத்தனை நீள வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன். ஒவ்வொரு போனிலும், அவரவர் வீட்டில் யாரும் பேசாமல் பதிவு செய்த ஒரு நிமிட மௌனம். அதைக் கேட்டு வீட்டின் குறையைச் சொல்கிறவர் வெங்கிடேஷ். மாடி ஜன்னலிலிருந்து கூட்டத்தைப் பார்த்த ஃபிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவரைக் கண்டுபிடித்து உலகத்துக்குக் கொடுத்தவள் அவள்தான்.

ஃபிதா நடத்திய பாட்காஸ்டின் பெயர் 'அது ஏன் அப்படி?'. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பஸ் வருவது ஏன், புதுக் குடை வாங்கிய அன்றே பழைய குடை கிடைப்பது ஏன் என்று நேயர்கள் எழுதிப் போடுவார்கள். அவள் விஷயம் தெரிந்த ஆளைப் பிடித்துச் சிரிக்கச் சிரிக்கப் பேட்டி எடுப்பாள். பஸ் கண்டக்டர் வந்தார், பல் டாக்டர் வந்தார். கேட்டது முந்நூறு பேர். பிறகு வெங்கிடேஷ் வந்தார். "எல்லாத்துக்கும் காரணம் உங்க வீட்டுச் சுவர்ல இருக்கும்மா. நான் கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டது நாற்பதாயிரம் பேர். படித்த டாக்டரைவிடப் பேசாத சுவருக்கு மவுசு.

அதன்பிறகு வாரா வாரம் அவரே விருந்தாளி. ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடுவார். "விருந்தாளி வந்தா மட்டும் உங்க வீட்டு ஃபேன் கிறீச்சிடுது, சரியா?" என்பார். வந்தவர் கண் கலங்குவார். பரிகாரம், ஒரு செம்புத் தகடு. அதன் விலையைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் திறந்திருக்கும்.

அன்றைய பதிவில் பதினோராவதாக உள்ளே வந்தவள் சீனியம்மாள். தேனிப் பக்கத்துக்காரி, எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்குகிறாள். வெங்கிடேஷ் அவள் போனை வாங்கிக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"திங்கக்கிழமையானா உங்க வீட்டுச் சோறு அடிப்பிடிக்குதும்மா. அடுப்படியில ஈசான மூலை அழுகுது."

அறையில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சீனியம்மாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஐயா, எனக்கு வீடே கிடையாது. ஹோட்டல்ல குடுத்த ரூம்ல ஆறு பேரு படுத்துக்கிறோம். நீங்க இப்ப கேட்டது காய்கறி வைக்கிற குளிர் ரூமு. நான் சோறு பொங்கி ஆறு வருசமாச்சு."

"அது பழைய வீட்டோட ஒலிம்மா. கூடவே வரும்."

"வராதுங்க. அந்தத் திங்கக்கிழமை சோறு நானாக் கட்டிவிட்டது. யாருகிட்டயும் சொல்லலை. இந்தப் பொண்ணோட நிகழ்ச்சிக்குக் கேள்வி அனுப்புற இடத்துல மட்டும்தான் எழுதினேன்." அவள் ஃபிதா பக்கம் திரும்பினாள். "என்கூட இருக்கிற வசந்தி, இடது கால் செருப்பு மட்டும் ஏன் அறுந்துபோகுதுன்னு உனக்கு எழுதிட்டு இங்க வந்தா. இவரு அதையே திருப்பிச் சொன்னாரு. அவ அழுதுகிட்டே தகடு வாங்கிட்டுப் போனா. எனக்கு அப்பவே சந்தேகம். சொல்லு தாயி, அந்தக் கேள்வியெல்லாம் வேற யாரு பார்க்கிறது?"

'கேள்வி எழுதினவங்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கிறேன்' என்று வெங்கிடேஷ் கேட்டபோது, கேள்விகள் வந்து விழுகிற பெட்டியின் பாஸ்வேர்டை ஃபிதாவேதான் கொடுத்தாள். 'அடுத்தவங்க காத்திருக்காங்க அக்கா' என்று இப்போது மைக்கைத் திருப்பினால் போதும். நாற்பதாயிரம் பேரும் மிஞ்சுவார்கள். கை மைக் வரைக்கும் போனது. திருப்பாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"சார் பார்ப்பார் அக்கா," என்றாள். "பாஸ்வேர்டு நான்தான் கொடுத்தேன். யோசிக்காம கொடுத்துட்டேன்." பிறகு வெங்கிடேஷைப் பார்த்து, "சார், எனக்குக் கேள்வியே அனுப்பாத ஒருத்தரை வரிசையிலேருந்து கூப்பிடறேன். அவர் வீட்டைக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

வெங்கிடேஷ் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "காது அடைக்குது. ஒரு சாயா குடிச்சிட்டு வரேன்" என்று பின்பக்கப் படி வழியாக இறங்கினார். எந்த ஊர்ச் சாயாவோ, இதுவரை திரும்பவில்லை.

அறை வாசலில், வரிசையின் முன்னால் நின்ற கொத்தனார் பாண்டித்துரைக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி. "அவரு போகட்டும். தகடு வேலை செய்யும்ல?"

"செய்யும் அண்ணே," என்றாள் சீனியம்மாள். "ஈயம் பூசினா சட்டிக்கு மூடியாகும்."

அந்தப் பேட்டியில் ஒரு வார்த்தையைக்கூட வெட்டாமல் ஃபிதா வெளியிட்டாள். தலைப்பு: 'நாம எழுதிக் கொடுத்ததை நமக்கே படிச்சுக் காட்டுறவரை ஏன் ஞானின்னு கும்பிடுறோம்?' பதில் சொல்ல அவள் எந்த விருந்தாளியையும் அழைக்கவில்லை. கேட்கிறவர்களே யோசித்துக்கொள்ளட்டும். தலை என்ன, ஹெட்ஃபோன் மாட்ட மட்டுமா இருக்கிறது?